பதினைந்து மில்லி

பெயரைக் கேட்டேன்.
லோகேஸ்வரி.
பிறந்த தேதி, அடையாள அட்டை எண்,
ஆடும் பல், கட்டுப்பல் உண்டா என்று கேட்டேன்.
கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்றதற்கு மட்டும்
சிரித்தாள்.
"சாப்பாடுன்னா, மிஸ்ஸி, ரெண்டு வருசமாச்சு."

இரண்டு நாளாய் நீராகாரம் என்று கோப்பில் இருந்தது.
அதற்கு முந்தைய இரண்டு வருடம் கோப்பில் இல்லை:
அடுப்படியில் நின்றே தின்றது,
ஒவ்வொரு கவளத்தையும்
ஒரு மங்குத் தண்ணீர் ஊற்றித் தள்ளியது,
கல்யாண மண்டபத்தில் இலை போடுமுன்
கைப்பையோடு நழுவியது,
நள்ளிரவில் தலையணை நனைய
மத்தியானச் சோறு
வயிற்றைப் பார்க்காமலே
புளிக்காமல் திரும்பி வந்தது.

புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்போம்.
முதல் மாதம் வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள்.
ஆறாவது மாதம் குணாளன் கேட்டானாம்:
"எவன்டி அவன்,
மூணு வேளையும் உன்ன நினைக்கிறவன்?"
செம்பனைக் குலை ஏற்றும் லோரி அவனுக்கு.
விளையாட்டுக்குத்தான் கேட்டார் என்றாள்.
அதற்கப்புறம் அவனோடு உட்கார்ந்து
அவள் சாப்பிடவில்லை.

தொண்டைக்கு மருந்து தெளித்தேன்.
"கசக்கும். மரத்துப்போகும்.
முழுங்கவே முடியாத மாதிரி இருக்கும், பயந்துடாதீங்க."
"அது பழகினதுதானே."

இடப்பக்கம் ஒருக்களித்தாள்.
டாக்டர் ஃபைரூஸ் குழாயை இறக்க இறக்க
என் வேலை சின்னது:
ஒரு கையில் உறிஞ்சுகுழல்,
மறு கை அவள் தாடைக்குக் கீழே.
எச்சில் வெளியே வழியட்டும் அக்கா,
வழியட்டும், நான் துடைக்கிறேன்.
திரையில், உணவுக்குழாயின் அடியில்,
இறுகத் தெரிந்து தளரத் தெரியாத தசை.
அதன் வாசலில்
என்றைக்கோ தாளித்த ஒரு கடுகு
காத்துக் கிடந்தது.

முப்பது மில்லிமீட்டர் பலூன்.
ஒரு நிமிடம்.
டாக்டருக்காக மலாயில் எண்ணத் தொடங்கியவள்
நாற்பதைத் தாண்டும்போது
எப்போதோ தமிழுக்கு வந்திருந்தேன்.
வெளியே எடுத்த பலூனில் கீற்றாய் இரத்தம்.
"பாகூஸ்" என்றார்.
இரத்தத்தைப் பார்த்து
நல்லது என்று சொல்லும் இடம்
இந்த ஊரில் இது ஒன்றுதான்.

வார்டு ஜன்னலில் ஆலைப் புகை.
பழம் வேகும் வாடை கட்டில்வரை வந்தது.
அரைமணிக்கு ஒருதரம்
அவள் கழுத்தெலும்புக்கு மேலே
இரண்டு விரல் வைத்து அழுத்தினேன்.
உள்ளே கிழிந்திருந்தால்
காற்று தோலுக்கடியில் கசிந்து
அப்பளம் நொறுங்குவதுபோல்
விரலுக்குக் கேட்கும்.
கேட்டால் ஓட வேண்டும்:
டாக்டருக்கு, ஆம்புலன்சுக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு.

கேட்கவில்லை.
நாலு தரம் கேட்கவில்லை.
"என்னத்தத் தேடுறீங்க மிஸ்ஸி?"
"ஒண்ணுமில்லங்கிறத."

படமெடுத்துப் பார்த்து, கசிவில்லை என்றான பிறகு
சாயங்காலம் தலைமாட்டை நிமிர்த்தி
மருந்துக் கோப்பையில்
பதினைந்து மில்லி தண்ணீர் கொடுத்தேன்.
குணாளன் கால்மாட்டில் நின்றான்.
கையில் லோரிச் சாவி, ஆட்டாமல்.
வாயில் வைத்தாள்.
பழக்கத்தில் தோளைத் தூக்கி
கூரையைப் பார்த்துக் காத்திருந்தாள்.
தொண்டை ஒரு தரம் ஏறி இறங்கியது.

"போச்சு" என்றாள்.

காசு போச்சு, வேலை போச்சு,
தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றபோது
இருந்த லயவீடும் போச்சு
என்று கேட்டே வளர்ந்த காது என் காது.
போச்சு என்று சொல்லி ஒருத்தி
வாய்விட்டுச் சிரித்ததை
இன்றைக்குத்தான் கேட்டது.

ஆறு நாற்பது. இருமல் இல்லை. நெஞ்சுவலி இல்லை.
எழுதிக்கொண்டிருந்தபோது குணாளன் கேட்டான்:
"இனிமே புரையேறாதா, மிஸ்ஸி?"
"எப்பவாவது ஏறும். எல்லாருக்கும் ஏறுற மாதிரி."
அவன் கேட்டது அதுவல்ல என்று பட்டது.
அதற்கு என் தள்ளுவண்டியில் மருந்து இல்லை.

அவள் அவன் பக்கம் திரும்பவேயில்லை.
கோப்பையை என்னிடம் நீட்டினாள்.
"இன்னும் கொஞ்சம்."
"பத்து நிமிசம் பொறுங்க."
"பொறுத்தது போதும், ஊத்துங்க மிஸ்ஸி."
கடிகாரத்தைப் பார்த்தேன்.
இன்னும் ஒன்பது.